மூன்று முறை கூப்பிட்ட வீடு

1. சோப்பும் ஃபைலும்

பலதியா ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்குக் கிடைத்த முதல் உத்தரவு, போய்க் கை கழுவிவிட்டு வா என்பது. பலதியா என்றால் நகரசபை. நான் நர்ஸ் படித்தவள், கை கழுவச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் சர்வேயரும் டைப்பிஸ்டும் தாடி வைத்த அரபிக் குமாஸ்தாவும் ஃபைலைத் தொடுவதற்கு முன் சோப்புக் கட்டியைக் கைமாற்றிக்கொண்டு வரிசையில் நின்றதைப் பார்த்ததும், வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடிவிட்டேன். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

உத்தரவு போட்டவர் எங்கள் டாக்டர். அமெரிக்கர். அஜ்மானுக்கு வடக்கே, மேப்பில் ஒரு புள்ளிகூட இல்லாத அந்தக் கடற்கரை ஊருக்கு, எண்ணெய் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே மரக்கலத்தில் வந்து இறங்கியவர். இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு மடக்கு மேஜை, அவ்வளவுதான் கொண்டுவந்தது. அந்த மேஜையிலேயே பிரசவம் பார்த்தார், அதிலேயே கண்புரை அறுத்தார், துடைத்துவிட்டு அதிலேயே சாப்பிட்டார். ஊரில் அவருக்குப் பெயரே கிடையாது. ஹக்கீம் என்றால் அவர்தான். நான் குளச்சலில் இருந்து அவருடைய கிளினிக்குக்கு வந்து சேர்ந்தபோது அவர் அந்த ஊர் அரபியை ஊர்க்காரர்களைவிட வேகமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

எழுபதுகளின் ஆரம்பத்தில் எல்லாம் மாறியது. ஏழு ஷேக்குகள் சேர்ந்து ஒரு நாடானார்கள். பக்கத்து ஊரில் பெரிய அரசாங்க ஆஸ்பத்திரி வந்தது, எங்கள் கிளினிக்கில் ஈ ஓட்டினோம். அப்போதுதான் எங்கள் ஷேக் டாக்டரைக் கூப்பிட்டு, "இத்தனை வருஷம் ஆட்களைக் குணமாக்கினீர், இனி ஊரைக் குணமாக்கும்" என்று சொல்லி நகரசபைத் தலைவர் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். டாக்டர் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. அவர் பிறந்த ஊரின் முதல் மேயரும் ஒரு டாக்டராம். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய், சாக்கடையைச் சரி செய்கிறேன் என்று கிளம்பியவராம். "எங்க ஊர்ல டாக்டருங்க கெட்டுப்போனா மேயராத்தான் ஆவாங்க" என்பார். என்னிடம் இங்கிலீஷும் அரபியும் கலந்துதான் பேசுவார். நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

போகும்போது என்னையும் ஹெல்த் செக்‌ஷனுக்கு இழுத்துக்கொண்டு போனார். நாற்காலி மாறியதே தவிர மனுஷர் மாறவில்லை. காலையில் ரவுண்ட்ஸ் போவதுபோல மீன் மார்க்கெட், ஆட்டுத்தொட்டி, கிணறுகள் என்று நடப்பார். அடைத்துக்கொண்ட சாக்கடையைக் குனிந்து பார்த்து, "எத்தனை நாளா இப்படி?" என்று கேட்பார். பக்கத்தில் நிற்கிறவன் தன் வயிற்றைத்தான் கேட்கிறார் என்று நினைத்துப் பதில் சொல்வான். மேஜை டிராயரில் ஸ்டெதாஸ்கோப் கிடக்கும். பழைய கிளினிக்கின் மரண ரிஜிஸ்டர்கள் அலமாரியில், பில்டிங் ஃபைல்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும். எதற்கு அவை இங்கே என்று ஒருநாள் கேட்டேன். "இந்த ஊர்ல முதல்ல எழுதின கணக்கெடுப்பு அதுதான் ரோஸ்லின்" என்றார்.

2. காலி என்று ஒரு காலம்

மேயராக அவர் எடுத்த பெரிய வேலை கடற்கரை ரோடு. கடலோரமாக நேராக ஒரு ரோடு. அது போகிற வழியில் வடக்குக் குடியிருப்பு என்று ஒரு பழைய தெரு இருந்தது. பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய வீடுகள். நான் வருவதற்குப் பல வருஷங்களுக்கு முன் அங்கே பெரியம்மை புகுந்து, ஒரு கோடையில் தெருவையே வாரிக்கொண்டு போய்விட்டது. மிச்சம் இருந்தவர்கள் தெற்கே போய் வீடு கட்டிக்கொண்டார்கள். அந்தப் பக்கம் ஆடுகூடப் போகாது என்று ஊரில் சொல்வார்கள். ஆடு போவதை நானே பார்த்திருக்கிறேன், அது வேறு விஷயம்.

இடிப்பதற்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் ஆள் உண்டா இல்லையா என்று பட்டியல் எடுக்க வேண்டும். டாக்டர் அதற்கு ஒரு விதி வைத்திருந்தார். வாசலில் நின்று மூன்று முறை கூப்பிட வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் நடுவில் நூறு வரை எண்ண வேண்டும். மூன்றுக்கும் பதில் இல்லை என்றால் காலி. நாடித்துடிப்பு இல்லை என்று சொல்வதற்கு முன் மூன்று இடத்தில் தொட்டுப் பார்க்கிறோமே, அந்தப் பழக்கம்தான்.

பட்டியல் எடுத்தவர் சர்வேயர் கணேசன். திருச்சிக்காரர். சுத்தமான வேலை, அழகான கையெழுத்து. மனைவியையும் பெண்ணையும் கூட்டிவந்து அஜ்மானில் வீடெடுத்துத் தங்கி, தினமும் காரில் வந்து போவார். என்னைச் சீண்டாமல் அவருக்கு டீ இறங்காது. அவர் கொண்டுவந்த பட்டியலில் எல்லா வீட்டுக்கும் நேரே "காலி" என்று இருந்தது. கீழே ஹெல்த் செக்‌ஷன் கையெழுத்துக்கு ஒரு கோடு. நான் ஒரு கண் ஓட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஒரு கேள்வி கேட்கவில்லை. அன்றைக்கு ஊருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்ற அவசரம் எனக்கு. இதை மறைத்து எழுத ஆசைதான், ஆனால் மறைத்தால் இந்தக் குறிப்புக்கே அர்த்தம் இல்லை.

3. மத்தியானம்

இடிப்பு ஆரம்பிக்க ஒருநாள் இருந்தது. டீ குடித்துக்கொண்டிருந்தபோது கணேசன் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"சிஸ்டர், அந்த வடக்குத் தெருவுல கடைசி வீடு இருக்கே, சரியான பேய் வீடு. நான் கூப்பிடறேன், உள்ளேர்ந்து டப்புன்னு ஒரு சத்தம். மறுபடி கூப்பிடறேன், மறுபடி டப்பு. மூணாவது தடவையும் அதே மாதிரி."

"என்ன சத்தம்?"

"கை தட்டற மாதிரி. ஜன்னல் கதவு அடிச்சுக்குது போல."

நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் ஆண்பிள்ளை இல்லாத நேரத்தில் அன்னிய ஆண் வாசலில் வந்து கூப்பிட்டால் பெண்கள் குரல் கொடுக்க மாட்டார்கள். ஒரு முறை கை தட்டுவார்கள். ஆள் இருக்கிறோம், ஆண்பிள்ளை இல்லை, பிறகு வா என்று அர்த்தம். கிளினிக்கில் இருந்தபோது டாக்டர் வாசலோடு நின்றுகொள்வார், தட்டல் கேட்டதும் நான்தான் உள்ளே போவேன். எனக்கு அது அ, ஆ மாதிரி. கணேசனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

"ஏன் சார், மூணு தடவ தட்டியிருக்கு, நீங்க காலின்னு எழுதிட்டு வந்திருக்கிய?"

"ஆள் இருந்தா வாயத் தொறந்து சொல்லணும் சிஸ்டர். ஆள் மாஃபி, யாருமே இல்ல. வாசலையே கல்லு வச்சு அடைச்சிருக்கு. யாரு உள்ளே போவா?"

"எந்திரிங்க. வண்டிய எடுங்க."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். அந்த ஊரில் மத்தியானம் என்றால் கதவுகள் எல்லாம் சாத்திக்கொள்ளும், நாய்கூட நிழலில் சுருண்டுவிடும். வடக்குத் தெருவில் எங்கள் செருப்புச் சத்தம் எங்களுக்கே அதிகமாகக் கேட்டது. கடைசி வீட்டு வாசலில் கதவு இருக்க வேண்டிய இடத்தில் கல்லடுக்கு. மேலே பூசிய சுண்ணாம்பில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி. அது டாக்டர் அம்மைக் காலத்தில் போட வைத்தது, அந்தத் தெருவில் பல வாசல்களில் உண்டு. ஆனால் இந்த வாசலில் மட்டும், கல்லடுக்கின் கீழே ஓலைத் தட்டில் கொஞ்சம் பேரீச்சம்பழம், மூடிய கிண்ணத்தில் சோறு. தொட்டுப் பார்த்தேன். சோறு இன்னும் சூடாக இருந்தது.

"பூனைக்கு வச்சிருப்பாங்க" என்றார் கணேசன். அவர் குரலில் பழைய சிரிப்பு இல்லை.

நான் அரபியில் கூப்பிட்டேன். "வீட்டிலே யாரு? நான் கிளினிக் நர்ஸ். பொம்பளைதான்."

நூறு எண்ணவேண்டிய வேலையே இல்லை. உள்ளே வலது பக்கத்திலிருந்து ஒரு தட்டல். சுத்தமான, சதை மேல் சதை படுகிற தட்டல். ஜன்னல் கதவுக்கு அந்தச் சத்தம் வராது. காற்றும் ஒரு பொட்டு இல்லை.

பொம்பளை கூப்பிட்டால் குரல் கொடுக்கலாமே, ஏன் தட்டுகிறாள் என்று தோன்றியது. இரண்டாம் முறை கூப்பிட்டேன். இந்தத் தடவை தட்டல் இடது பக்கத்திலிருந்து வந்தது. முதல் தட்டலைவிடச் சின்னக் கை, குழந்தையின் கை மாதிரி.

மூன்றாம் முறை நான் கூப்பிடவில்லை. எத்தனையோ பிணங்களைக் குளிப்பாட்டியவள் நான், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு ஓடினேன். கணேசன் எனக்கு முன்னால் போய் ஸ்டார்ட் செய்துவைத்திருந்தார். ஒரு உயிர் உள்ளே இருக்கலாம் என்று தெரிந்தும் திரும்பி வந்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

4. டாக்டரின் கையெழுத்து

ஆபீஸுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்து பழைய மரண ரிஜிஸ்டரை எடுத்தேன். வடக்குக் குடியிருப்பு, கடைசி வீடு. டாக்டரின் சாய்ந்த எழுத்தில் ஏழு பெயர்கள். அப்பா சயீத், அம்மா ஃபாத்திமா, பிள்ளைகள் காலித், ராஷித், நூரா, கைக்குழந்தை ஹம்தான். ஏழாவதாக மூத்த மகள் ஷம்சா. எல்லாருக்கும் ஒரே தேதி, ஒரே காரணம். கீழே அவர் கையெழுத்து. அந்த வீட்டில் ஏழே பேர், ஏழு பேரும் இறந்தவர்கள்.

ரிஜிஸ்டரோடு டாக்டர் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். கை தட்டல் என்ற வார்த்தை வந்ததும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஜன்னல் கதவு" என்றார்.

"அந்த வீட்டுல ஜன்னல் கதவே இல்ல டாக்டர். எல்லாம் உளுத்து விழுந்தாச்சு."

"அப்போ வேற ஏதாவது. ரோஸ்லின், நாளைக்குக் காலைல மிஷின் வருது. மறுநாள் ஷேக் வந்து பார்க்கிறார். உங்க ரெண்டு பேர் கையெழுத்தும் பட்டியல்ல இருக்கு. ஏழு பேர் செத்ததுக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். செத்தவங்களுக்காக ரோட்டை நிறுத்த முடியாது."

"உள்ளே போய்ப் பாத்துதான் எழுதினியளா?"

இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் அப்படிக் கேட்டதில்லை. அவர் எழுந்து போய்க் கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டே, "கலாஸ், பேசினது போதும், நீ வீட்டுக்குப் போ" என்றார்.

நான் போனேன். உண்மையைச் சொன்னால், அவர் அப்படிச் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. பெரியவர் சொல்லிவிட்டார், பொறுப்பு நம்முடையது இல்லை என்ற நிம்மதி. வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்த நிம்மதி கெட்டுவிட்டது. சோறு சூடாக இருந்ததை விரல் மறக்கவில்லை.

5. பனிமூட்டம்

மறுநாள் காலையில் கடலும் தெரியவில்லை, கரையும் தெரியவில்லை. குளிர்காலத்தில் அந்தப் பக்கம் சில நாள் அப்படித்தான், பனி இறங்கினால் கையை நீட்டினால் கை தெரியாது. கணேசன் கார் விளக்கைப் போட்டுக்கொண்டு அஜ்மானிலிருந்து ஊர்ந்து வந்து என் வாசலில் நின்றார். நான் வரச் சொல்லவில்லை. "ராத்திரி பூரா தூங்கல சிஸ்டர், வாங்க போவோம்" என்று மட்டும் சொன்னார்.

வடக்குத் தெரு முனையிலேயே புல்டோசர் சத்தம் கேட்டது. எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. சுவர் விழும் சத்தம் மட்டும் பனிக்குள்ளிருந்து வந்தது. கணேசன் சத்தம் வந்த பக்கம் "ருகோ, ருகோ பாய்" என்று இந்தியில் நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடினார். நான் சுவரைத் தடவிக்கொண்டே கடைசி வீட்டுக்குப் போனேன்.

வாசலில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தது. உயரமாக, அசையாமல். எனக்கு உயிர் போய் வந்தது. டாக்டர்தான். கோட்டெல்லாம் பனியில் நனைந்து, கையில் அந்த ரிஜிஸ்டரோடு நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"அன்னைக்கும் கேட்டேன் ரோஸ்லின்" என்றார். "இந்த வாசல்ல நின்னு மூணு தடவை கூப்பிட்டேன். ஒரு சத்தம் கேட்டது. காலையிலேர்ந்து வீடு வீடாப் போய் வந்தவன், எனக்கு உட்காரணும்போல இருந்தது. ஜன்னல் கதவுன்னு நினைச்சுக்கிட்டேன். கல்லு வைக்கச் சொல்லிட்டுப் போயிட்டேன்."

அவருக்குப் பதில் சொல்ல எனக்கு நேரம் இல்லை. அடுத்த வீட்டுச் சுவர் சரிந்து தூசி எங்கள் மேல் வந்தது. நான் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். பின்சுவரில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு உடைப்பு இருந்தது, பழைய உடைப்பு. அதைத் தாண்டினால் முற்றம். முற்றத்தில் ஆறு மண்மேடுகள், தலைமாட்டில் ஆறு கல். கடைசி மேடு முழ நீளம்கூட இல்லை.

அறைக்குள் போனேன். கூட்டிப் பெருக்கிய தரை. சுவரோரமாக ஏழு பாய் விரித்திருந்தது, ஏழு பாய்க்கும் பக்கத்தில் ஒவ்வொரு கோப்பை, கோப்பையில் தண்ணீர். வாசலிலிருந்து பார்த்தால் வலது மூலையில், கடைசிப் பாயில், கறுப்புத் துணி போர்த்திய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அந்த ஊர்ப் பெண்கள் நெற்றியிலிருந்து வாய்வரை கட்டும் முகமூடி பனி வெளிச்சத்தில் பித்தளைபோல் மினுங்கியது. அதன் ஓட்டை இரண்டிலும் கண் இல்லை, வெறும் வெள்ளை.

நான் சிலுவை போட்டுக்கொண்டேன். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"நேத்து வந்த நர்ஸா?"

குரல் வயதானதாக இல்லை. அருகில் போய்க் கையைப் பிடித்தேன். சூடான கை, மணிக்கட்டில் நாடி நன்றாக ஓடியது. அவ்வளவுதான், என் பயம் பாதி போய்விட்டது. நாடி கையில் கிடைத்துவிட்டால் நர்ஸுக்கு வேறென்ன வேண்டும்.

ஷம்சா என்று சொன்னாள். அம்மையில் கண் போனது. அன்றைக்கு ஹக்கீம் கூப்பிட்டபோது எழ முடியவில்லை, அன்னிய ஆணுக்குக் குரல் கொடுக்கக் கூடாது என்று ஒரு முறை கை தட்டினாள். கல் அடுக்கும் சத்தம் கேட்டது. மூன்றாம் நாள் பேரீச்சந்தோட்டத்திலிருந்து தாய்மாமன் வந்து பின்சுவரை உடைத்து அவளை எடுத்தார், மற்றவர்களை முற்றத்தில் அடக்கினார். ஹக்கீம் செத்தவள் என்று எழுதிவிட்டார், அதை யார் போய் மாற்றுவது என்று மாமன் விட்டுவிட்டார். மாமன் இறந்தபின் அவள் இங்கேயே வந்துவிட்டாள். முற்றத்துக் கிணற்றில் தண்ணீர் உண்டு. வாசலில் சோறு வைப்பது மீன் மார்க்கெட்டுக்குப் போகும் பெண்கள், இந்த வீட்டுச் செத்தவர்களுக்கு என்று நேர்ந்துகொண்டு வைப்பது. செத்தவர்களுக்கு வைத்த சோறுதான் இருந்தவளைக் காப்பாற்றியிருக்கிறது.

"நான் பொம்பளைன்னு சொன்னேனே, நேத்து ஏன் குரல் குடுக்கல?"

"கூட ஒரு ஆண் செருப்பு கேட்டது. அதனால தட்டினேன்."

"ரெண்டாம் தடவையும் நீதானே தட்டின?"

"நான் ஒரு தடவைதான் தட்டினேன்" என்றாள்.

வெளியே மிஷின் சத்தம் வாசலுக்கே வந்துவிட்டது. "வா, போயிடலாம்" என்று இழுத்தேன். அவள் அசையவில்லை.

"வாசல்ல நிக்கிறது அவர்தானே? அந்தக் காலடி எனக்குத் தெரியும். அன்னைக்கு வீட்டிலே யாருன்னு பொதுவாக் கூப்பிட்டுட்டுப் போனார். இன்னைக்குப் பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்லு. ஒவ்வொருத்தரா. அப்புறம் வரேன்."

அவளைக் கையைப் பிடித்துப் பின்சுவர் வழியாக வாசல் பக்கம் கூட்டிவந்தேன். அதுவரைக்கும்தான் வர ஒப்புக்கொண்டாள், அதற்கு மேல் ஒரு அடி இழுத்தாலும் உள்ளே திரும்பிவிடுவேன் என்றாள். கணேசன் எப்படியோ மிஷினுக்கு முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றிருந்தார். டிரைவர் ஒரு பட்டாணி, பாகிஸ்தான்காரன். பனியிலிருந்து முகமூடியோடு வந்த உருவத்தைப் பார்த்ததும் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிவிட்டான். தெரு அப்படியே அமைதியாகிவிட்டது.

டாக்டர் அவளைப் பார்த்தார். நான் அவள் கேட்டதைச் சொன்னேன். அவர் ரிஜிஸ்டரைத் திறந்து, கல்லடைத்த வாசலைப் பார்த்து நின்று படித்தார்.

"சயீத்."

உள்ளே ஒரு தட்டல்.

ஷம்சாவின் இரண்டு கையும் என் இரண்டு கைக்குள் இருந்தன. நான் குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டேன். என் விரல்களுக்கு நடுவில் அவள் விரல்கள், அசையவே இல்லை.

"ஃபாத்திமா." ஒரு தட்டல். "காலித்." ஒரு தட்டல். "ராஷித்." ஒரு தட்டல். ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்திலிருந்து, ஒரு பாய்க்கு ஒன்றாக வந்தது. டாக்டர் நிறுத்தாமல் படித்தார். "நூரா" என்றபோது நேற்று நான் கேட்ட அந்தச் சின்னக் கை. "ஹம்தான்" என்றபோது தட்டல் என்று சொல்ல முடியாத அளவுக்கு மெதுவாக ஒன்று. கைக்குழந்தை எப்படித் தட்டும்? யாரோ அதன் கைகளைப் பிடித்துத் தட்டிவிட்டது போல இருந்தது. பட்டாணி டிரைவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தான். கணேசன் என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார், அவருக்கே தெரியாமல்.

டாக்டர் ஏழாவது பெயரைப் படித்தார். "ஷம்சா."

உள்ளே சத்தம் எதுவும் வரவில்லை. என் பக்கத்தில் அவள் நிமிர்ந்து நின்று, வாய்விட்டு, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

"மௌஜூதா." இருக்கிறேன் என்று அர்த்தம்.

டாக்டர் அந்த இடத்திலேயே பேனாவை எடுத்து ஏழாவது வரியை அடித்தார். பக்கத்தில் உயிரோடு இருக்கிறாள் என்று எழுதினார், கையெழுத்துப் போட்டார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

6. அதன் பிறகு

முற்றத்தில் கல்லறைகள் இருப்பதால் ரோடு அங்கே வளைந்து போகும் என்று டாக்டர் ஃபைலில் எழுதினார். காரணம் சரியானதுதான், பொய் இல்லை. ஷேக்கிடம் போய்த் தான் எழுதிய தப்பையும் சொல்லி, நாற்காலியை விட்டு இறங்குகிறேன் என்றார். ஷேக் விடவில்லை. "தப்பு இன்னதுன்னு தெரிஞ்ச ஆள்தான் எனக்கு வேணும்" என்றாராம். டாக்டர் அதன்பின் சில வருஷம் மேயராக இருந்தார், கணக்கெடுக்கப் போகும் ஒவ்வொரு ஆணோடும் ஒரு பெண்ணை அனுப்பினார். ஷம்சா என் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்தாள். கறாரான பேர்வழி, என் மீன் குழம்பில் உப்பு கூட என்று நாள் தவறாமல் சொல்வாள்.

அன்றைக்குக் கேட்டது என்ன என்று பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். எதிரொலி என்பார் கணேசன், பகலில் கேட்டால். எனக்குத் தெரியாது. அவள் கைகள் என் கைக்குள் இருந்தன, அது மட்டும் தெரியும்.

ஹெல்த் செக்‌ஷனிலும் சர்வேயிலும் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் காதுக்குப் பழகிய சத்தம் மட்டும்தான் பதில் என்று நினைக்காதீர்கள். நான் அதன்பிறகு ரிட்டயர் ஆகும்வரை எந்தப் படிவத்திலும் "காலி" என்று எழுதவில்லை. புது ஆபீசர் ஒருவர் என்னைக் கூப்பிட்டுக் கத்தினார்.

"என்ன சிஸ்டர் இது? ஒண்ணு ஆள் இருக்குன்னு எழுதுங்க, இல்ல இல்லேன்னு எழுதுங்க. இப்படி எழுதினா நான் என்னத்தைன்னு எடுத்துக்கறது?"

படிவத்தைத் திருப்பிக் காட்டினார். என் கையெழுத்துதான். "உள்ளே போய்ப் பார்த்தேன், கூப்பிட்டேன். எனக்குப் பதில் கேட்கவில்லை."

"எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான் சார்" என்று சொல்லிவிட்டு, பட்டியலில் இருந்த அடுத்த வீட்டுக்குப் போனேன்.